பூட்டியதா, திறந்ததா என்று சொல்லாத போன்

அனுப்புநர்
கைலி மொத்த வியாபாரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
செல்போன் தயாரிப்பு நிறுவனம்,
இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு பூட்டுத்திரைக்கு நாமே ஒலி வைத்துக்கொள்ளும் வசதி நீக்கப்பட்டதும், பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே ஒலி வைக்கப்பட்டதும் – பழைய வசதியைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு போனை வேலூரில் உள்ள கடையில் முழுப் பணம் கொடுத்து வாங்கியவன் நான். ரசீது நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் சாட்டிலும் சேவை மையத்திலும் சொல்லியும் விடிவு கிடைக்காததால் கடிதமாக எழுதுகிறேன். படிப்பவர் தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும். "ஒரு சத்தத்துக்குப் போய் இவ்வளவா" என்று உங்கள் ஆட்கள் கேட்டுவிட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு என்ன வேலை செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கண்ணழுத்த நோய். குளுக்கோமா என்பார்கள். வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்து, இருக்கிற பார்வையைக் காப்பாற்றி வருகிறேன். போன பார்வை இந்த நோயில் திரும்பாது. நேராகப் பார்த்தால் எழுத்து தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. வெயிலில் போன் திரையைப் பார்த்தால் அது எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று எனக்குப் புரியாது. குடியாத்தத்து வெயிலில் நடு மத்தியானம் கடை வாசலில் நின்று பாருங்கள், நல்ல கண் உள்ளவருக்கே சிரமம்.

அதனால் போன் பூட்டிக்கொண்டதா என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்வேன். திரை அணைவது வேறு, பூட்டு விழுவது வேறு. திரை அணைந்து சில விநாடிகளோ நிமிடங்களோ கழித்துப் பூட்டு விழும்படி வைக்க ஆண்ட்ராய்டில் அமைப்பு இருக்கிறது. அப்படி வைத்திருந்தால், இருட்டாக இருக்கும் போனை யாராவது எடுத்து அழுத்தினால் நேராக உள்ளே போய்விடலாம். பூட்டும் ஒலி கேட்டால்தான் நிம்மதியாகச் சட்டைப் பையில் போட முடியும்.

உங்கள் போனை நான் தேர்ந்தெடுத்ததே இந்தக் காரணத்தால்தான். அதே விலைக்கு வேறு மூன்று நான்கு கம்பெனி போன்களைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் பூட்டும் ஒலி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. உங்கள் போனில்தான் "பூட்டும் ஒலி", "திறக்கும் ஒலி" என்று இரண்டு தனித்தனி வரிகள் இருந்தன. தொட்டால் போனில் உள்ள ஆடியோவிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நிற்கும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வைத்துக்கொண்ட ஒலிகளையும் சொல்கிறேன். என் அப்பா குழிக்குள் கால் வைத்து ஓட்டும் குழித்தறியில் கைலி நெய்தவர். அந்தத் தறி இன்னும் வீட்டில் இருக்கிறது, எப்போதாவது ஓட்டுவோம். ஊடை நூலை இழுத்துச் செல்லும் நாடா பாய்ந்து போய்ப் பெட்டியில் மோதும்போது "டக்" என்று ஒரே ஒரு காய்ந்த சத்தம் வரும். அதை என் தங்கை மகன் பதிவு செய்து, முன்னும் பின்னும் வெட்டி, அரை விநாடிக்கும் குறைவாக்கிப் பூட்டும் ஒலியாக வைத்துக் கொடுத்தான். திறக்கும் ஒலிக்குக் கல்லாப்பெட்டியில் சில்லறை குலுங்கும் சத்தம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. எங்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். அந்த இரைச்சலில் மெல்லிய மணியோசை எல்லாம் கரைந்துவிடும், ஆனால் நாடா விழும் சத்தத்தை என் காது தவறவிடாது. தறிக்குழி ஓரத்தில் வளர்ந்த காது அது.

அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல் போனைப் பயன்படுத்தினேன். பிறகு ஒருநாள் இரவு உங்கள் அப்டேட் தானாக இறங்கி நின்றது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தினால் "ம்ப்" என்று ஏதோ ஒன்று கேட்டது. திறந்தாலும் அதே "ம்ப்". அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு வரிகளும் இல்லை. "பூட்டுத்திரை ஒலி" என்று ஒரே பொத்தான், அதை எரிய விடலாம் அல்லது அணைக்கலாம், அவ்வளவுதான்.

ஒலி மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே ஒலியை வைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பையில் போடும்போது விரல் பட்டு மறுபடி திறந்துகொண்டாலும் அதே ஒலி. கேட்டவனுக்கு அது என்ன சொல்கிறது? ஏதோ நடந்தது என்று சொல்கிறது. என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. கண் தெரிந்தவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். நான் என்ன செய்வது?

இதனால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நெசவுக்காரர் ஒருவருடன் கடையில் உட்கார்ந்து அடக்க விலை பேசிக்கொண்டிருந்தேன். நூல் என்ன விலை, கூலி எவ்வளவு, எனக்கு ஒரு பீஸுக்கு என்ன நிற்கும் என்பதெல்லாம் மனம்விட்டுப் பேசினோம். போன் சட்டைப் பையில் இருந்தது, "ம்ப்" கேட்டுத்தான் போட்டேன். பேச்சு முடிந்து போனை எடுத்தால் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்முனையில் என்னிடம் சரக்கு எடுக்கும் பலமநேர் வியாபாரி. "அண்ணா, உங்க அடக்கத்த உங்க வாயாலயே கேட்டுட்டேன், இனிமே எங்கிட்ட என்ன விலை சொல்லுவீங்க?" என்று சிரித்தார். அவர் சிரித்துவிட்டார், அதற்கடுத்த லோடுக்கு அவர் கேட்ட விலைக்கு நான் இறங்கித்தான் கொடுக்க வேண்டி வந்தது. வியாபாரத்தில் அடக்க விலை வெளியே போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் கம்பெனிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் அனுப்பும் ஆப்கள் எல்லாம் இதே போனில்தான். அவற்றுக்குத் தனி ரகசிய எண் இருக்கிறது என்றாலும், திறந்த போன் கூட்டமான பஸ்ஸில் யார் கைக்காவது போனால் என் கணக்கு வழக்கு, வாட்ஸ்அப்பில் உள்ள ஆர்டர், வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் அவர் கண்ணுக்கு விருந்து.

குடியாத்தத்திலிருந்து கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக பஸ் பிடித்து வேலூரில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் சரியாகும் என்றான். எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு ரீசெட் செய்தோம், ஒரு மாற்றமும் இல்லை. பிறகு, "சார், இது அப்டேட்லயே வந்தது, எங்க கைல ஒண்ணும் இல்ல" என்று கைவிரித்தான். பழைய மென்பொருளுக்கே போய்விடலாமா என்று கேட்டேன், இந்த மாடலில் திரும்பிப் போக வழியில்லை என்றார்கள். கடைசியில், ப்ளே ஸ்டோரில் பூட்டுத்திரை ஒலி மாற்றும் ஆப்கள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

இந்த யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் மேலாளரிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து அப்படி ஓர் ஆப்பைப் போட்டேன். அது முதலில் கேட்டது அணுகல்தன்மை அனுமதி. அந்த அனுமதியைக் கொடுத்தால் திரையில் உள்ளதைப் பார்க்கவும், எனக்குப் பதிலாகத் திரையை இயக்கவும் அந்த ஆப்பால் முடியும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கை காட்டுகிறது. பார்வை குறைந்தவர்களுக்காக வைத்த அனுமதி அது. யார் செய்தார்கள் என்றே தெரியாத, இடையிடையே விளம்பரம் ஓட்டும் ஓர் ஆப்புக்கு அதைக் கொடுத்துவிட்டு, அதே போனில் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்கிறீர்களா? அதோடு, உங்கள் போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் நிற்கவே விடுவதில்லை. கொஞ்ச நேரம் ஒலிக்கிறது, பிறகு ஊமையாகிவிடுகிறது. எப்போது ஒலிக்கும், எப்போது ஒலிக்காது என்று தெரியாத ஒலியை நம்புவதைவிட ஒலியே இல்லாமல் இருப்பது மேல். அந்த ஆப்பை அன்றே நீக்கிவிட்டேன்.

திரையில் உள்ளதைப் போனே வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டுக்கொள்ளலாமே என்று சாட்டில் பதில் வந்தது. டாக்பேக் நல்ல வசதி, முழுக்கப் பார்வை இல்லாத என் நண்பர் அதை வைத்துத்தான் போனை ஓட்டுகிறார். எனக்கு நேர்ப்பார்வை இருக்கிறது, படிக்க முடிகிறது. டாக்பேக் போட்டால் தொடும் முறையே மாறிவிடும், ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு. கடையில் நாலு பேர் நடுவில் நிற்கும்போது யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைப் போன் உரக்கப் படிக்கும். எனக்குத் தேவை ஒரே ஒரு "டக்". அதற்கு இவ்வளவு பெரிய மாற்றம் வேண்டாம்.

இது ஆண்ட்ராய்டின் மாற்றமோ, எங்களால் ஒன்றும் செய்ய முடியாதோ என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் அதையும் பார்த்துவிட்டோம். என் தங்கை மகன் எஞ்சினியரிங் படிக்கிறான். போனின் உள் அமைப்புகளைக் கம்ப்யூட்டரிலிருந்து பார்க்க உதவும் யுஎஸ்பி டீபக்கிங்கை டெவலப்பர் ஆப்ஷனில் இயக்கி, போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். ஆண்ட்ராய்டின் அமைப்புப் பட்டியலில் பூட்டும் ஒலிக்கு ஒரு வரியும் திறக்கும் ஒலிக்கு ஒரு வரியும் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்தக் கோப்பு ஒலிக்க வேண்டும் என்ற முகவரி எழுதியிருக்கிறது. அந்த இரண்டு ஒலிக் கோப்புகளும் போனுக்குள்ளேயே கிடக்கின்றன. அந்த முகவரியை மாற்றி எழுதிவிட்டுப் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். உங்கள் பூட்டுத்திரை அந்த வரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தன் "ம்ப்"பையே ஒலித்தது. ஆண்ட்ராய்டு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது, மேலே நீங்கள் போட்ட மென்பொருள் பூச்சுதான் அதை மூடியிருக்கிறது. போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றலாம் என்று அவன் சொன்னான். அதில் போனில் உள்ளதெல்லாம் அழியும். வாங்கியபோது இருந்த ஒரு வசதியைத் திரும்பப் பெற வாடிக்கையாளன் அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

ஒலி அளவையும் சொல்ல வேண்டும். உங்கள் போனில் பூட்டும் ஒலி, ரிங் ஒலியோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. இந்தப் புது ஒலி காதில் விழ வேண்டுமானால் ரிங்கை முழுக்க ஏற்ற வேண்டும். ஏற்றினால் போன் வரும்போது கடையே அதிர்கிறது. சாவு வீட்டிலும் கோயிலிலும் ரிங்கை அணைத்தால் பூட்டும் ஒலியும் சேர்ந்து செத்துவிடுகிறது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்தில், போன் திருடு போகவே வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில், அது பூட்டியிருக்கிறதா என்று தெரியாமல் பையைக் கையால் பொத்திக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பூட்டும் ஒலி, திறக்கும் ஒலி என்ற இரண்டு வரிகளையும், அவற்றுக்குப் போனில் உள்ள ஆடியோவைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் அடுத்த அப்டேட்டில் திருப்பித் தர வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: போனுக்குள் ஏற்கெனவே கிடக்கும் அந்த இரண்டு ஒலிகளையாவது தனித்தனியாக ஒலிக்க விடுங்கள். இந்த ஒலிக்கு ரிங்கிலிருந்து பிரித்து ஒரு தனி அளவுக்கோடு வையுங்கள். இனி ஒரு வசதியை எடுப்பதாக இருந்தால், அப்டேட் இறங்குவதற்கு முன்பே அதைத் தமிழில் தெளிவாக எழுதிக் காட்டுங்கள். "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற ஒரு வரிக்குள் எதை எடுத்தீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறைபார்வையையும் ஒரு மாற்றுத்திறனாக எடுத்துக்கொள்கிறது. அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுப் பொருள்கள் எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. விற்கும்போது காட்டிய வசதியை விற்ற பிறகு எடுத்துக்கொள்வதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் வைத்துக் கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், பொறுப்பான அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டு, தமிழில், எழுத்தில் பதில் வேண்டும். "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்ற தானியங்கிப் பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படியே வந்தால் இந்தக் கடிதத்தின் நகல், ரசீது, அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் உள்ள அமைப்புப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றுடனும் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கைலி மொத்த வியாபாரி,
குடியாத்தம்.