ஸ்வே பார் கடைசியில் வாங்க வேண்டிய பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய விஷயங்களைத் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் முதலில் என் பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், முதலில் தடித்த ஸ்வே பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பி), அடுத்து உயரம் குறைந்த ஸ்பிரிங், பணம் மிஞ்சினால் டயர் என்று அக்கட்டுரை தந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. கோவையில் சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலைகளை மட்டும் செய்யும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், அந்த வரிசைப்படி செலவழிக்கும் வாசகரின் பணமும் போய், காரும் முன்பிருந்ததைவிட மோசமாக ஓடும் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கட்டுரையின் அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களை வைத்திருக்கும் அமெரிக்கர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வழிமுறை அது. அந்தக் கார் ஒரு டன்னுக்கும் குறைந்த எடை கொண்டது; எஞ்சின் முன்னால் இருந்தாலும் பின்சக்கரங்கள்தான் இழுக்கும்; நான்கு சக்கரங்களுக்கும், மேலும் கீழுமாக இரு கைகள் தாங்கும் டபுள் விஷ்போன் அமைப்பு; எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் தனித்தனி பார் இருப்பதால், ஒன்றை மாற்றி மற்றொன்றோடு ஒத்துப்போகச் செய்ய அதில் வாய்ப்பு உண்டு. ஆனால் நம் ஊரில் சிக்கன பட்ஜெட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்கொள்வோர் வாங்குவது, 2022-ல் இந்தியாவில் உற்பத்தி நின்றுபோன போலோவின் ஜிடி டிஎஸ்ஐ வகையையோ, பழைய ஸ்விஃப்டையோதான். முன்சக்கரங்கள் இழுக்கும் இந்தக் கார்களில் எடையின் பெரும்பங்கு மூக்கில் இருக்கும்; முன்புறம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம். அந்த பீமே முறுகி ஸ்வே பாரின் வேலையையும் சேர்த்துச் செய்வதால் பின்னால் கழற்றி மாற்றுவதற்கென்று பெரும்பாலும் தனி பார் இருப்பதில்லை.

பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார் என்று நாங்கள் சொல்லும் இந்தக் குறுக்குக் கம்பியின் வேலை என்னவென்று கட்டுரை விளக்கவில்லை. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது, இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்பட, ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தக் கம்பி முறுகி, அந்த முறுக்குக்குக் காட்டும் எதிர்ப்பினால் சாய்வைக் குறைக்கிறது. இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரு மேட்டில் ஏறினால் அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்த அதிர்வை மறுபக்கத்துக்கும் அனுப்பிவிடும். சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பளுவை, காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், திரும்பும் வேகம் ஆகியவையே ஏறத்தாழ முழுவதுமாகத் தீர்மானிக்கின்றன. பாரினால் அந்த மொத்தத்தைக் குறைக்க முடியாது. அதில் முன்சக்கரங்களுக்கு எவ்வளவு பங்கு, பின்சக்கரங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே மாற்ற முடியும். டயரின் மேல் பளு ஏற ஏற அதே விகிதத்தில் பிடிப்பு ஏறுவதில்லை என்பதால், முன், பின் இரண்டில் எந்தப் புறத்து பாரைத் தடிக்கவைக்கிறோமோ அந்தப் புறம் முதலில் வழுக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே மூக்கு கனத்து, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போக முயலும் காரில் முன் பாரை மட்டும் தடிமனாக்கினால் என்ன ஆகும் என்பதை வாசகரே கணிக்கலாம். சாயும்போது ஸ்ட்ரட் அமைப்பில் சக்கரத்தின் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம்) கெட்டுப்போவதால் முன்புறத்தில் ஓரளவு விறைப்பு நன்மை தரும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அளவோடு செய்ய வேண்டியது. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பதையும் கட்டுரை குறிப்பிடவில்லை. மற்ற அளவுகள் மாறாமல் 20 மில்லிமீட்டர் பாருக்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். 24 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டும். கண்ணுக்கு நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும் வித்தியாசம் இது.

பின்புற பீமின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் கூடுதல் பார்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. காய்ந்த ரேஸ் டிராக்கில் அவை பயன்தருவது உண்மை; உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்பி, கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். அதே காரை, தேய்ந்த பின்டயர்களோடு, மழையில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கத்தில் ஓட்டிவந்து, திருப்பத்தின் நடுவில் பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வால் வெளியே வீசப்படும். முன்புறம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பவர்கள் பலர். பின்புறம் வழுக்கினால் சமாளிப்பவர்கள் மிகச் சிலர். கார் நிறுவனங்கள் வேண்டுமென்றே முன்புறம் முதலில் வழுக்கும்படி அமைப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் கையில் ஐம்பதாயிரம் ரூபாய் வைத்திருப்பவர் எங்கே தொடங்குவது? காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதில் தொடங்க வேண்டும். அறுபதாயிரம், எண்பதாயிரம் கிலோமீட்டர் நம் சாலைகளில் ஓடிய காரில் சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் மூட்டுகளில் உள்ள புஷ்களின் ரப்பர் வெடித்திருக்கும். பாரையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் லிங்க் ராடின் பால் ஜாயின்ட் ஆட்டம் கண்டிருக்கும். மெதுவாகப் போகும்போது சிறு பள்ளங்களில் எழும் ‘டக் டக்’ சத்தம் பெரும்பாலும் இந்த லிங்க் ராடுதான். அதைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரியும். அது தளர்ந்திருக்கும்போது ஏற்கெனவே உள்ள பாரே முழுமையாக வேலை செய்வதில்லை. திருப்பத்தின் தொடக்கத்தில் அந்த ஆட்டம் அடங்கும்வரை பார் சும்மா இருக்கிறது. ஒரு ஜோடி லிங்க் ராடும், பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் இரண்டு ரப்பர் புஷ்களும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். தடித்த பார் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களில் பலர், இந்த வேலை முடிந்தபின் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இங்கே ஒரு சிறு நுணுக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் நல்ல உதிரிபாகம் வாங்கியும் பலர் ஏமாறுவது இதில்தான். லோயர் ஆர்ம் புஷ்ஷின் நடுக்குழல் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கப்பட்டு அசையாமல் நிற்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை முழுவதுமாக முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கிய கணத்திலேயே ரப்பர் முறுகிய நிலைக்குப் போய்விடும். புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்து வரும். போல்ட்டைக் கையளவுக்கு மட்டும் பூட்டி, காரின் எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது வாசகர் அருகில் நின்று இதைக் கேட்டுச் செய்யச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடுகிறவர்கள் சிலிகான் கிரீஸ் தடவத் தவறினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய கட்டில்போல் முனகும் காரோடு வாழ வேண்டியிருக்கும்.

அடுத்து ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்தாலோ, கார் குலுங்கிய பின் அடங்காமல் ஆடினாலோ அதை மாற்ற வேண்டும், அதுவும் ஜோடியாக. ஸ்பிரிங்கைப் பற்றிக் கட்டுரையாளர், செலவைக் குறைக்க உள்ள ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருப்பது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியளித்தது. கேஸ் வைத்து வெட்டும் வெப்பத்தில் எஃகின் பதம் கெடும். சமதளமாக இருந்த முனை போய்விடுவதால் ஸ்பிரிங் தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்போது இடம் மாறிவிடவும் கூடும். சுற்று குறையும்போது விறைப்பு கூடுகிறது, ஆனால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் அங்கே இல்லை. இவற்றையெல்லாம்விடப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் கொண்ட காரை அளவுக்கு மீறித் தாழ்த்தும்போது, ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட அதிகமாக ரோல் சென்டர், அதாவது கார் எந்தக் கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், காரைச் சாய்க்கும் விசைக்கு முன்பைவிட நீளமான நெம்புகோல் கிடைத்துவிடுகிறது. பார்க்க ரேஸ் கார்போல் நிற்கும் கார் திருப்பத்தில் எதிர்பார்த்த அளவு நிமிர்ந்து நிற்காததற்கு இதுவே காரணம். அந்தக் குறையை மறைக்கத்தான் பிறகு தடித்த பார் வாங்குகிறார்கள்.

தாழ்த்திய காரின் அடிவயிறு இடிக்கும் வேகத்தடைகளை வேறு நினைத்துப் பார்க்க வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவற்றைப் போட்டவர்கள் அந்த அளவைக் காதால்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

பட்ஜெட்டின் பெரும்பகுதி போக வேண்டிய இடம் டயர். ஐம்பதாயிரத்தில் ஏறக்குறைய பாதியை நான்கு நல்ல டயர்களே எடுத்துக்கொள்ளும் என்பதால்தான் எல்லோரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் சாலையைத் தொடுவது அது மட்டும்தான். சஸ்பென்ஷனில் செய்யும் எந்த மாற்றமும் அதன் வழியாகவே பலன் தர வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்கவும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் உற்பத்தியானது என்று பொருள். டயர் போட்ட கையோடு அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கேம்பர் போல்ட் என்ற மலிவான பொருளைக் கொண்டு முன்சக்கரங்களின் மேல்விளிம்பைச் சிறிதளவு உள்நோக்கிச் சாய்த்தாலே, பல கார்களில் மூக்கு வளைவை விட்டு விலகும் குறை குறைவதைக் காணலாம். அதை அளவுக்கு மீறிச் செய்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு பணமும் ஆசையும் மிஞ்சியிருந்தால் பார் வாங்கலாம். புதியதுதான் வேண்டும் என்பதில்லை. தேயும் பொருளான பழைய ஷாக் அப்சார்பரை எக்காரணம் கொண்டும் வாங்கக்கூடாது, பார் அப்படியல்ல. அதே மாடலின் வேறு வகையில் நிறுவனமே தடித்த பார் பொருத்தியிருந்தால், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடிப் பார்க்கலாம். வளைவுகளில் விரிசலோ, துரு அரித்த குழியோ இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்து வாங்கினால் போதும்.

கட்டுரை தொடவே தொடாத இன்னொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் மாற்றியெழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தேய்ந்த புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் அதே தரத்தில் மாற்றுவது பராமரிப்பு. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது அப்படியல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். பழைய மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கி, குறைந்த செலவிலும் பந்தயத்தில் இறங்கலாம் என்று காட்டிய கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. செட்டிப்பாளையத்தில் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. தம் காரின் எல்லையைத் தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞர்கள் கோவையின் அவிநாசி சாலையில் வேகம் பார்ப்பதை விட்டு அங்கே போகலாம். போகுமுன் பிரேக் ஆயிலை மாற்றிக்கொள்ளட்டும்.

தங்கள் வாகனப் பகுதியின் அடுத்த இதழிலேயே, ஸ்பிரிங்கை வெட்டலாம் என்ற வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் பட்டறை நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்