யாக்கி மக்களிடம் யார் சம்மதம் கேட்டது? ராட்டர்டாம் உடன்படிக்கை நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு வணக்கம்.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் வாழும் யாக்கி பழங்குடியினரையும், அவர்கள் வாழும் இடத்தில் தெளிக்கப்படும் பூச்சிமருந்தையும் பற்றி இந்தியாவிலிருந்து எழுதுகிறேன். 1966இல் நாங்கள் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தோம். அதில் 'சொனோரா 64' என்ற ரகமும் உண்டு. அந்த மண்ணுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

அங்கே யாக்கி பள்ளத்தாக்கில் 1940களின் இறுதியிலிருந்து ரசாயன விவசாயம் வேரூன்றியது. அது வேண்டாம் என்று சில குடும்பங்கள் மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. மானுடவியலாளர் எலிசபெத் கில்லெட்டின் குழு இரண்டு இடத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1998இல் ஆய்வு வெளியிட்டது. ஒரே இனம், ஒரே மாதிரி சாப்பாடு, நாலைந்து வயது. ஓர் ஆளை வரையச் சொன்னால், மலையடிவாரக் குழந்தைகள் தலை, உடம்பு, கை, கால் என்று வரைந்தார்கள். பள்ளத்தாக்கில் பல குழந்தைகளின் தாளில் வெறும் கிறுக்கல்தான். பலூன் தருவதாகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது, என்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதே மறந்துபோனவர்களும் பள்ளத்தாக்கில்தான் அதிகம்.

50 குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதானே என்பீர்கள். சரி. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் தாய்ப்பாலிலும், பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலும் பூச்சிமருந்து இருப்பது 1990இலேயே தெரிந்துவிட்டதே!

ஆபத்தான பூச்சிமருந்தை அனுப்பும் முன் வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது உங்கள் உடன்படிக்கை. நல்லதுதான். ஆனால் சம்மதம் சொல்வது தலைநகரில் இருக்கும் அதிகாரி. வயலை ஒட்டிய வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்ணை யாரும் கேட்பதில்லை. பழங்குடியினர் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேமித்து வைக்கவோ கொட்டவோ அவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறது பழங்குடியினர் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 29ஆவது பிரிவு. கிடங்கில் வைக்கவே கேட்க வேண்டும் என்றால், அவர்கள் மூச்சுவிடும் காற்றில் தெளிப்பதற்குக் கேட்க வேண்டாமா?

அப்புறம், பாராகுவாட். இந்தக் களைக்கொல்லியை, சம்மதம் கேட்டே அனுப்ப வேண்டியவை என்ற உங்கள் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கும் முடிவு மாநாட்டுக்கு மாநாடு தள்ளிப்போனது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பது விதி. முட்டுக்கட்டை போட்டவர்களில் என் நாடும் உண்டு என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பட்டியலில் சேர்ப்பது தடைகூட இல்லை, விவரம் சொல்லிச் சம்மதம் கேட்பது மட்டும்தான். அதற்கே இவ்வளவு எதிர்ப்பா?

ஒருமித்த முடிவு வராதபோது வாக்கெடுப்புக்கு வழிசெய்யுங்கள். பழங்குடியினர் வாழும் இடங்களில் எந்த மருந்து, எப்போது, எவ்வளவு தெளிக்கப்படும் என்பதை அவர்கள் மொழியிலேயே முன்கூட்டிச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கே தெளிக்கக் கூடாது. இந்தியப் பிரதிநிதிகளே, அடுத்த மாநாட்டில் பாராகுவாட் விஷயத்தில் உங்கள் எதிர்ப்பைக் கைவிடுங்கள்.