மருத்துவரிடமும் "பரவாயில்லை" என்று சொல்லாதே

அன்புள்ள மகளுக்கு,

தலைசுற்றல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இப்போது பரவாயில்லை அப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். ஆனால் காணொளி அழைப்பின்போது உன் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை கூப்பிட்டதும், நீ கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே முழுவதுமாகத் திருப்பியதை உன் அம்மாவும் பார்த்தாள். இன்னும் கார் ஓட்டுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள், தயவுசெய்து ஓட்டாதே.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை, ஆகவே மன அழுத்தம்தான் என்று அந்த மருத்துவர் சொன்னதோடு நீ தேடுவதையே நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். மூளையில் கட்டி இருந்தால் ஸ்கேன் காட்டும். உட்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறியிருப்பதையோ, தலைவலி இல்லாத நேரத்திலும் தலைசுற்றலாக வரக்கூடிய ஒற்றைத் தலைவலியையோ அது காட்டாது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, நிற்கும்போதும் கூட்டத்தைப் பார்க்கும்போதும் அதிகமாகும் தலைசுற்றலுக்குத் தனி வரையறையே 2017-இல் வகுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் நோயாளி சொல்லும் விவரம்தான் முதல் சான்று. எதையும் வெளிக்காட்டாமல் தாங்கிக்கொள்வதில் நீ கெட்டிக்காரி, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மருத்துவரிடமும் அப்படியே "பரவாயில்லை" என்றுதானே சொல்லியிருப்பாய்? அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இனிமேல் தலைசுற்றல் வரும்போதெல்லாம் எழுதி வை. படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா, மணிக்கணக்கில் நீடிக்கிறதா, காதில் இரைச்சலோ அடைப்போ சேர்ந்து வருகிறதா என்று எழுது. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைகிறதா என்று குறித்துக்கொள். எழுதியதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டு. தலைசுற்றலை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் தொடரலாமா என்றும் கேள். மூளை தானாகச் சமநிலைக்குப் பழகுவதை அது தாமதப்படுத்தக்கூடும். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் வலுவிழந்தாலோ எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அம்மா அங்கு வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. காரை மட்டும் எடுக்காதே. சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. ஏன் என்று அவர் கேட்டால், அப்பா சொன்னார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா