‘எளிதான பாதை’ என்று போடும்போது கூட நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தை வருஷக்கணக்காக விடாமல் படிக்கிறவன் நான். ஜன நடமாட்டம் இல்லாத மலைப்பகுதிகள், அங்கே இருக்கிற காட்சிமுனைகள், ஏரிக்கரையை ஒட்டிப் போகிற நடைபாதைகள் என்று நிறைய எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கத்தில் அடிக்கடி வருகிற ஒரு சொல் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘எளிதான பாதை.’ அதற்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் கணக்கு, அதோடு சரி. யாருக்கு எளிது, எந்த மாசத்தில் எளிது, போகும்போது எளிதா திரும்பும்போதும் எளிதா, ஒன்றும் இருக்காது.

போன வருஷம் நான், அம்மா, அக்கா, அக்கா பையன் நாலு பேரும் இப்படி ஒரு ஏரிக்குப் போனோம். எந்த ஏரி என்பது முக்கியமில்லை, எல்லா ஏரிக்கும் பொருந்துகிற கதைதான். அம்மாவுக்கு 68 வயது, இடது முழங்காலில் தகராறு. மாடிப்படி என்றால்தான் பிரச்சினை, சமதரையில் நன்றாகவே நடப்பார். படித்த குறிப்பில் ‘தட்டையான பாதை, 3 கிலோமீட்டர், எல்லா வயதினரும் நடக்கலாம்’ என்று இருந்தது. தட்டையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முதல் கிலோமீட்டர் பொடி ஜல்லி போட்ட பாதை, இடையில் ஒரு மர பெஞ்சு, வலது பக்கம் தண்ணீர். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

அப்புறம் பாதை மரங்களுக்குள் நுழைந்தது. அங்கே ஜல்லி கிடையாது, வேர்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த வேரெல்லாம் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மிதித்து வழவழவென்று ஆகியிருந்தன, அதன்மேல் முந்தின நாள் ராத்திரி பெய்த மழை. காய்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம், நனைந்திருந்தால் எண்ணெய் தடவின மாதிரி. அதையும் எப்படியோ பிடித்துப் பிடித்துத் தாண்டினோம். கடைசியில் ஒரு இடத்தில் ஏரி மட்டம் ஏறி, இருபது தப்படி தூரத்துக்குப் பாதையே தண்ணீருக்குள் போயிருந்தது. யாரோ புண்ணியவான் கல் போட்டு வைத்திருந்தார். மூணாவது கல்லில் அம்மா கால் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் என் தோளைப் பிடித்த கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ‘நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கடா, நான் இங்கயே இருக்கேன்’ என்றார்.

அந்த இடத்தில்தான் யோசித்தேன். போனில் சிக்னல் துளியும் இல்லை. அம்மாவைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போய், நாங்கள் திரும்ப நேரமானால் அவருக்கும் தெரியாது, அவருக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கும் தெரியாது. நாலு பேருமாகத் திரும்பிவிட்டோம். அக்கா பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், அது வேறு விஷயம். இன்னொன்று, அந்த 3 கிலோமீட்டர் ஒரு வழிக் கணக்கு என்பது திரும்பி வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. போய்வர ஆறு!

இதில் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குறிப்பு உங்கள் பத்திரிகையில் வந்ததும் இல்லை. ஆனால் எல்லோரும் எழுதுகிற விதம் இதுதான், அதனால்தான் சொல்கிறேன். கிலோமீட்டர் என்பது ஒரு பாதையைப் பற்றிப் பாதிக் கதை. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே ஒரு கணக்கு சொல்லி வைத்திருக்கிறார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் நல்ல உடம்புக்காரர்கள் நிற்காமல் நடந்தால். குழந்தை, பெரியவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள் என்று போனால் இருமடங்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிற கிரேட்டர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 7,700 வருஷத்துக்கு முன் ஒரு எரிமலையே உள்வாங்கி இடிந்ததில் உண்டான பள்ளத்தில் மழையும் பனியும் நிறைந்த ஏரி அது, 594 மீட்டர் ஆழம், அப்படி ஒரு நீலம். விளிம்பில் சாலை இருக்கிறது, காரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு காட்சிமுனையிலும் பார்க்கலாம். ஆனால் தண்ணீர்வரை இறங்குவதற்கென்று அமைத்த பாதை ஒன்றே ஒன்றுதான். நீளம் ஒரு வழிக்கு 1.8 கிலோமீட்டர். கேட்டால் எளிது மாதிரிதானே இருக்கிறது? அந்த 1.8 கிலோமீட்டருக்குள் சுமார் 210 மீட்டர் கீழே இறங்குகிறது. இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம், திரும்பும்போதுதான் தெரியும். அந்தப் பூங்கா நிர்வாகமே அதைக் கடினமான பாதை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. மலை ஏறினால் களைப்பு முதலில் வரும், இறக்கம் பிறகு வரும். மேலே காரை நிறுத்திவிட்டு ஏரிக்கு இறங்கினால் எல்லாமே தலைகீழ், களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். இந்த ஒரு வரியை எழுதினால் எத்தனை பேர் தப்பிப்பார்கள்!

காட்சிமுனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இருப்பதிலேயே உயரமான முனை, கட்டாயம் பாருங்கள்’ என்று போடுகிறீர்கள். உயரம் நாலு மடங்கானால் தெரிகிற தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். ஏரிக்கரையில் நிற்கிறவர் கண்ணுக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர். நூறு மீட்டர் உயரத்தில் நின்றால் 36 கிலோமீட்டர். நானூறு மீட்டருக்கு ஏறினால் 71. அதுவும் காற்று தெளிவாக இருந்து, எதிரே வேறு மலை மறைக்காமல் இருந்தால். அதனால் மூட்டுவலிக்காரர் நூறு மீட்டர் முனையோடு நின்றுவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போய்விடாது. கனடாவில் மொரெய்ன் ஏரியின் பிரபலமான காட்சி, அந்த நாட்டின் 1969 தொடர் இருபது டாலர் நோட்டிலேயே அச்சான காட்சி, கரையோரமாக இருக்கிற ஒரு கற்குவியல் மேலிருந்து தெரிவதுதான். மலை உச்சிக்கெல்லாம் போக வேண்டாம். (அந்த ஏரிக்குப் போகிற சாலையில் 2023லிருந்து சொந்தக் காருக்கே அனுமதி கிடையாது, பஸ்ஸில்தான் போக வேண்டும், கூட்டம் அந்த அளவுக்கு.)

உயரத்தைவிட முக்கியம் எந்தத் திசையைப் பார்த்த முனை என்பது. கிழக்கு பார்த்த முனைக்குக் காலையில் போனால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பள்ளத்தாக்கு முழுக்க வெளுத்துப்போய்த் தெரியும். அதே இடத்துக்குச் சாயங்காலம் போங்கள், முதுகுக்குப் பின்னால் வெயில், எதிர்மலையில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். மேற்கு பார்த்ததற்கு இது அப்படியே தலைகீழ். சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் கதை வேறு. இதை எழுத அரை வரி போதும், ஆனால் நான் படித்த எந்தக் குறிப்பிலும் இது இருந்ததில்லை.

ஏரிக்கும் நேரம் உண்டு. பகலில் தண்ணீரைவிடத் தரை சீக்கிரம் சூடாகிவிடும், அதனால் பெரிய ஏரிகளில் முற்பகல் தாண்டினதும் ஏரியிலிருந்து கரைப்பக்கம் காற்று கிளம்பும். மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிகிற அந்த போட்டோ வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன்னால் போய்ச்சேர வேண்டும். நாங்கள் திரும்பி வந்து அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். எதிர்க்கரை மரங்கள் அப்படியே தண்ணீரில் தெரிந்துகொண்டிருந்தன. தூரத்தில், ஏரிக்கு நடுவில், ஒரு கறுப்புக் கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. அது மெதுவாக எங்களை நோக்கி வந்தது. வர வர ஒவ்வொரு மரமாகக் கலைந்தது, கடைசியில் எங்கள் காலடியில் சின்னச் சின்ன அலையாக வந்து சளப் சளப் என்று மோதியது. முழுசாக ஐந்து நிமிஷம்கூட இருக்காது. அம்மா ‘யாரோ அழிரப்பர் வெச்சு அழிச்ச மாதிரி இருக்கு’ என்றார். மூன்று கிலோமீட்டரும் நடந்து போயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டு வாரம் முன்னால் நீங்கள் போட்ட பெரிய படத்தில் ஒருவர் தடுப்புக் கம்பிக்கு வெளியே, பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். படம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்கிற இருபது வயசுப் பையனுக்கு அந்த முனைக்குப் போனால் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று தோன்றும். பாறை விளிம்பு அடியில் அரித்துப்போயிருப்பது மேலே உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கம்பி போட்டவர்கள் வேலையில்லாமல் போடவில்லை. தயவுசெய்து அந்த மாதிரிப் படங்களை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். ‘பளிங்கு போன்ற நீர், இறங்கிக் குளிக்கலாம்’ என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் தெளிவாக இருக்க இருக்கக் கண் ஏமாறும். நேர் மேலேயிருந்து குனிந்து பார்த்தால்கூட நாலடி ஆழம் மூன்றடியாகத்தான் தெரியும், ஒளி வளைவதால். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். மேலே வெயில் சுட்டாலும் மலை ஏரித் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், திடீரென்று இறங்கினால் மூச்சு தன்னையறியாமல் இழுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தண்ணீர் குடிப்பார்.

அப்புறம் இந்த போன். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும், மதியத்துக்குள் கால்வாசிக்கு வந்து நிற்கும், கடைசியில் டார்ச்சுக்கும் அதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டவர் வேண்டாம். ஆனால் வரைபடத்தை சிக்னல் இருக்கிற இடத்திலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் சாம்பல் நிறத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். தனியாக ஒரு டார்ச் கையில் இருக்கட்டும். பள்ளத்தாக்கில் இருக்கிற ஏரிக்கரையில், பஞ்சாங்கம் சொல்கிற அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதோடு குளிரும் இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பார்கள், காரிலேயே முனைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு அரைக்கைச் சட்டையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன்.

நடக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இது பத்திரிகைக்கு இல்லை. பாதை நடுவில் சேறு இருந்தால் அதிலேயே மிதித்துப் போங்கள். ஆளாளுக்குச் சுற்றிப் போனால் ஒற்றையடிப் பாதை ரெண்டு வருஷத்தில் மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும், ஓரத்தில் இருந்த புல் போய்விடும், மழை வந்தால் அந்த அகலம் முழுக்கச் சேறு. வளைந்து வளைந்து இறங்குகிற பாதையில் குறுக்கே இறங்குவதும் அப்படித்தான், அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் குறுக்கு வழியாகவே ஓடி மண்ணை அள்ளிக்கொண்டு போகும்.

எனக்கு வேண்டியது இதுதான். கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி கட்டி, போய்வர மொத்தம் எத்தனை கிலோமீட்டர், ஏற்றம் எவ்வளவு, அது போகும்போதா வரும்போதா, காலடியில் என்ன இருக்கிறது (ஜல்லியா, பலகையா, வேரா, பாறையா), மழைக்கு அப்புறம் எப்படி, சிக்னல் எந்த இடத்தோடு போகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, இவ்வளவையும் போடுங்கள். சக்கர நாற்காலி எதுவரை போகும், படிகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்பதையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பல வீடுகளில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகாமல் எல்லோருமாகக் கிளம்புவார்கள். எழுதுகிறவர் நிஜமாகவே நடந்து பார்த்தவராக இருந்தால் இதற்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ‘எளிது’ என்ற சொல்லை அப்புறம் அவரே விட்டுவிடுவார், தேவைப்படாது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் பக்கத்தை விரித்ததும் அம்மா உள்ளேயிருந்து கேட்கிற முதல் கேள்வி, ‘வழியில பெஞ்சு இருக்காமாடா?’ என்பதுதான். போட்டிருந்தால்தானே நான் சொல்ல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்