நடுவில் ஒரு மாதம்

கண்ணா,

நீ எழுதிக்கொண்டிருந்த இசை நாடகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன் என்று போனில் சொன்னாய். கதை முழுக்க வசனமாகவே ஓடுகிறது, பாட்டு வைக்க இடமே இல்லை என்றாய். எனக்கு உடனே அமெரிக்க இசை நாடக எழுத்தாளர் ஆலன் ஜே லெர்னர் ஞாபகம்தான் வந்தது.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தை வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். அதுவும் பேச்சாலேயே கட்டிய நாடகம். லெர்னரும் இசையமைப்பாளர் லோவும் 1952-ல் அதை இசை நாடகமாக்க எடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே இன்னொரு பெரிய இசை நாடக ஜோடியான ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் முயன்று விட்டுவிட்டார்கள். 1954-ல் மறுபடி தொட்டபோதுதான் லெர்னருக்கு வழி தெரிந்தது. புதுக் கிளைக்கதை எதுவும் தேவையில்லை. இரண்டு அங்கங்களுக்கு நடுவே நடந்ததாக ஷா விட்டுவிட்டதை மேடைக்குக் கொண்டுவந்தால் போதும். கதையின் நாயகியான பூக்காரப் பெண் மேட்டுக்குடிப் பேச்சைக் கற்கும் மாதங்கள், அவள் போகும் பெரிய விருந்து எல்லாம் அங்கேதான் கிடந்தன. பாட்டுக்கும் அங்கேதான் இடம் இருந்தது. 1956 மார்ச்சில் அது 'மை ஃபேர் லேடி' என்ற பெயரில் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறி 2,717 முறை நடந்தது.

சினிமாவா நாடகமா என்று நீ அலைபாய்கிறாயே, அதற்கும் சொல்கிறேன். திரைக்கதைக்காகவே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் லெர்னர். இரண்டையும் எழுதலாம்டா.

அப்புறம், இது நம் வட ஆற்காட்டுக் கூத்துக்குப் பழக்கமான வேலைதான். அர்ச்சுனன் தவம் செய்யப் போனான் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்யாறு பக்கம் அர்ச்சுனன் தபசில் என்ன செய்கிறார்கள்? உயரமான மரத்தை நட்டு, படி வைத்து, வேஷம் கட்டியவர் பாடிப் பாடி ஏறுகிறார். கீழே சனம் அண்ணாந்தபடி நிற்கிறது. உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்குப் பெண்கள் முந்தானை விரித்துக் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு நேரம் இருக்கிறது.

உன் நாடகத்தில் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். அடுத்த காட்சியில் சம்பளக் கவரோடு நிற்கிறாள். நடுவில் அந்த ஒரு மாதம் எங்கே? விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறும் முதல் நாள், பசை வாடை, பக்கத்து மெஷின் அக்கா சொல்லித் தருவது எதையும் நீ எழுதவில்லை. அதை எழுது. மெட்டு பிறகு வரட்டும், வரிகளை மட்டும் எனக்கு அனுப்பு. சித்திரையில் லீவு போட்டு வா, பாரதக் கூத்து நடக்கும் ஊருக்குச் சேர்ந்து போகலாம்.

அம்மா
வேலூர்