தேரூர் குளத்துக்கு உங்கள் பங்கு: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்மக்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தேரூர் குளத்துக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். நீலச்சிறகி வாத்து இமயமலைக்கு அப்பாலிருந்து வருகிறது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் இங்கே இரை தேடும். 2022இல் சுசீந்திரம், தேரூர் குளங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆகாயத்தாமரை தண்ணீரை மூடிக்கொண்டே போகிறதே, வாத்து எங்கே இறங்கும்?

போன ஆனியில் இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து, இயந்திரம் கொண்டுவந்து ஒரே நாளில் அள்ளிவிடலாம் என்று கிளம்பினார்கள். குளத்தடியில் காலமெல்லாம் வயல் பார்த்த ஒரு பாட்டா தடுத்தார். "இலை மேல முட்டை கிடக்கு மக்கா. இப்ப கை வச்சா எல்லாம் போயிரும்" என்றார். படகில் போய்ப் பார்த்தோம். தாமரை இலைக்கோழியின் முட்டைகள், மிதக்கிற இலை மேலேயே. அடைகாப்பதும் ஆண் பறவைதான். அன்றைக்கு வேலையை நிறுத்தினோம்.

இதே பாட்டா, கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் நாற்றில் இறங்கும் வாத்துகளை வெடி போட்டு விரட்டியவர். அவருக்கு நட்டம் உண்மையானது, அதை யாரும் மறுக்கவில்லை. எங்கள் குளப் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி அவர் கையில் இரவல் தொலைநோக்கியைக் கொடுத்து நீலச்சிறகியைக் காட்டினாள். "இம்புட்டுத் தூரத்துல இருந்தா வருது?" என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் வயலில் வெடிச் சத்தம் இல்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் முதல் ஆளாக வருகிறார்.

அதற்கப்புறம்தான் குழுவின் அமைப்பையே மாற்றினோம். பெரியவர்களுக்கு மாலை போட்டு மேடையில் உட்காரவைப்பதும், பிள்ளைகளை நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடுவதும் இனி வேண்டாம். செயலாளர்கள் இரண்டு பேர்: ஒருவர் அறுபதைத் தாண்டியவர், இன்னொருவர் முப்பதுக்கு உட்பட்டவர். வங்கியில் பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மறுத்தால் அந்த வேலை அடுத்த கூட்டம்வரை நிற்கும். இதனால் தாமதம் ஆகிறதுதான். ஆனால் முட்டை தப்பியது ஒரு தாமதத்தால்தானே.

இந்த ஆண்டு வனத்துறை, நீர்வளத்துறை அனுமதியோடு, புரட்டாசியில் ஆகாயத்தாமரையைப் பகுதி பகுதியாக எடுக்கப்போகிறோம். நீலத் தாழைக்கோழிக்காகக் கரையோரக் கோரையைத் தொடமாட்டோம். படகு வாடகைக்கும் கூலிக்கும் 40,000 ரூபாய், முக்காலியோடு ஒரு பெரிய தொலைநோக்கிக்கு 26,000, கைத்தொலைநோக்கி இரண்டுக்கு 14,000, ஆக மொத்தம் 80,000 ரூபாய் தேவைப்படுகிறது.

நூறு ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. பணம் தர முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பைத் தரலாம். வரும்போது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரையும் பிள்ளை ஒன்றையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். ஆவணி முடிவதற்குள் பணம் கைக்கு வந்தால்தான் படகு பேச முடியும். வரவு செலவுக் கணக்கைக் கார்த்திகைக் கூட்டத்தில் இரண்டு செயலாளர்களும் சேர்ந்து வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
குளப் பாதுகாப்புக் குழுவினர், தேரூர்