அம்மா உட்காரும் இடத்தில் மைக்கை வை

அன்புள்ள கயலுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிவி ஸ்பீக்கர் செட்டில் பேச்சு தெளிவாகக் கேட்க என்ன செய்வது என்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் போனுமாக நின்றால் பாதி விட்டுப்போகும். எழுத்தில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

தீபாவளிக்கு வந்தபோதே பார்த்தேன். படம் ஓடிய இரண்டரை மணி நேரமும் ரிமோட் உன் கையைவிட்டு இறங்கவில்லை. பேசும்போது ஏற்றினாய், சண்டை வந்ததும் பதறிக்கொண்டு இறக்கினாய். கீழ்வீட்டுக்காரர் ஒரு தரம் மேலே வந்து சொல்லிவிட்டும் போனார். அந்த ஸ்பீக்கர் செட் மாப்பிள்ளை ஆசையாக வாங்கி, அவரே ஒயர் இழுத்து மாட்டியது. கேட்காமல் அதில் கைவைப்பது முறையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அவரே என்னிடம் கேட்கச் சொன்னதாகச் சொன்னாய். சரி, அப்படியானால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அந்த நாலு நாளில் இன்னொன்றும் பார்த்தேன். எல்லாரும் சிரித்த பிறகுதான் அம்மா சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி தள்ளிச் சிரித்தாள். நாற்பது வருஷம் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் நான். பந்தலில் கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்கிறதா என்று ஒவ்வொரு ஊரிலும் நடந்துபோய்ப் பார்த்தவன். பக்கத்திலேயே இருப்பவளுக்குக் கேட்கவில்லை என்பது உன் வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பொங்கல் முடிந்ததும் அம்மா அங்கே வந்து இரண்டு மாதம் இருக்கப்போகிறாள். அதற்குள் அந்த ரிசீவரை, அதாவது ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியை, அவளுக்குக் கேட்கிற மாதிரி வைத்துவிட வேண்டும். அவளுக்குக் கேட்டால் உங்கள் எல்லாருக்கும் கேட்கும்.

முதலில் மெனுவுக்குள் போகாதே. டிவிக்குக் கீழே நீளவாக்கில் படுத்திருக்கிறதே, அதுதான் சென்டர் ஸ்பீக்கர். 5.1 ஒலி என்றால் ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கென்று சப்வூஃபர் என்ற ஒரு பெட்டியும். அதில் பேச்சு பெரும்பாலும் சென்டர் ஒன்றிலிருந்துதான் வரும். அதை அலமாரித் தட்டுக்குள் ஒரு சாண் உள்ளே தள்ளி, முன்னால் கல்யாண போட்டோவையும் வைத்திருக்கிறீர்கள். பேச்சு மேல் பலகையிலும் கீழ்ப் பலகையிலும் மோதிக் குழம்பித்தான் வெளியே வருகிறது. போட்டோவை வேறு இடத்தில் வை. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வரும்வரை முன்னால் இழு. முழங்கால் உயரத்தில் இருப்பதால், முன்பக்கம் அடியில் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கும்படி நிமிர்த்திவிடு. இதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் நான் சொல்லப்போவதில் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

அடுத்து, படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று பார். படத்தின் ஒலி 5.1 ஆக இருந்தும் அங்கே பிசிஎம், ஸ்டீரியோ என்று வந்தால், டிவியே அதை இடம், வலம் என்று இரண்டு ஒலிச் சேனலாகச் சுருக்கி அனுப்புகிறது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோ என்று மாற்று. அம்மா பார்க்கும் சீரியலின் ஒலி பெரும்பாலும் இரண்டு சேனலில்தான் வரும். அதற்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் முறையை வைத்தால், நடுவில் நிற்கும் குரலைப் பிரித்து சென்டருக்கு அனுப்பும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியை விடும் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' வேண்டாம்.

இனி மைக். ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வந்திருக்கும். அதைச் செருகினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதை அளந்து, தானாகவே சரிசெய்துகொள்ளும். மாப்பிள்ளை அதைச் செய்துவிட்டார், தெரியும். ஆனால் மைக்கைத் தான் உட்காரும் நடு சோபாவில் வைத்துச் செய்திருக்கிறார். அம்மா எங்கே உட்காருவாள்? மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் சோபாவில் அவள் ஒருநாளும் உட்கார மாட்டாள். சன்னலோரத்து ஒற்றை நாற்காலிதான் அவள் இடம். அதற்கு மேலே ஒரு கை தூரத்தில் வலப்பக்க சரவுண்ட் ஸ்பீக்கர் தொங்குகிறது. மழையும் கூட்டத்தின் இரைச்சலும் அவள் காதில்தான் முதலில் கொட்டுகின்றன. பேச்சோ எங்கோ தூரத்தில்.

தூரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். ஒயரில் மின்சாரம் போகும் வேகத்தோடு பார்த்தால் அது ஆமை. நீ பிறப்பதற்கு முன்னால், நம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் தேரோடும் வீதி முழுக்கக் கம்பம் நட்டு, நூறு மீட்டருக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில்தான் பேசும். ஆனால் ஒரு குழாயின் அடியில் நிற்பவருக்கு அது முதலில் கேட்கும், அடுத்த கம்பத்துக் குரல் கிட்டத்தட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து வரும். பாட்டுக்கு அது தெரியவில்லை. அன்று ஒரு குழந்தை காணாமல் போய், சட்டை நிறம் சொல்லி நானே மைக்கில் மூன்று தரம் அறிவித்தேன். தாய் ஒரு கம்பத்தின் கீழேயே நின்றிருக்கிறாள். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் குழந்தை அவள் கைக்கு வந்தது. அன்று ராத்திரியே ஏணி போட்டு ஏறி, எல்லாக் குழாயையும் ஒரே திசைக்குத் திருப்பி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் குறைத்தேன். அதற்கு மேல் செய்ய அன்று என்னிடம் கருவி இல்லை.

அந்தக் கருவி இன்று உன் ரிசீவருக்குள் இருக்கிறது. மெனுவில் 'டிஸ்டன்ஸ்' என்று இருப்பது அதுதான். அம்மாவின் நாற்காலிக்கு சரவுண்ட் ஒரு மீட்டர், முன் ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் என்றால், அது சரவுண்டை 7 மில்லிசெகண்ட் நிறுத்திப் பிறகு விடும். இரண்டும் சேர்ந்து அவள் காதுக்குப் போகும். 7 மில்லிசெகண்ட் எதிரொலியாகக் கேட்காதுதான். ஆனால் முதலில் வரும் ஒலி பக்கமே காது சாய்ந்துவிடும்.

ஆகவே மைக்கின் முதல் இடம் அம்மாவின் நாற்காலி. பல ரிசீவர்களில் தூரமும் சத்த அளவும் முதல் இடத்தை வைத்துத்தான் கணக்காகும். கேமரா ஸ்டாண்டில் மாட்டி, அவள் காது உயரத்துக்கு வை. நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்தால் அளவு கெட்டுவிடும். ஃபேனை நிறுத்து, சன்னலைச் சாத்து, குக்கர் ஏற்றாதே. அதற்குப் பிறகு நடு சோபாவுக்கும் மற்ற இடங்களுக்கும் மைக்கை நகர்த்தி அளந்துகொள்ளலாம். மாப்பிள்ளையிடம் நானே போனில் சொல்கிறேன், அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

அளந்து முடிந்ததும் இரண்டைப் பார். சப்வூஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டும். தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதே, அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒலி கொஞ்சம் தாமதமாவதை அது சேர்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று எழுதிவைத்திருக்கலாம். எல்லாவற்றையும் 'ஸ்மால்' ஆக்கி, தாழ்ந்த ஒலியைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சுமை இறங்கினால் சின்ன ஸ்பீக்கர்கள் குரலைத் தெளிவாகக் கொடுக்கும். சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடு, ஒரே வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டாம்.

சப்வூஃபரை மூலையிலிருந்து எடு. மூலை அதன் சத்தத்தைப் பெருக்கும், தரை வழியாகக் கீழ்வீட்டுக்கும் இறங்கும். அடியில் தடித்த ரப்பர் மேட் போடு. உன் ஹால் நீளம் நாலு மீட்டர் இருக்கும். அந்த நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நகராத அலையாகிவிடும், சில இடத்தில் குமுறும், சில இடத்தில் காணாமலே போகும். சப்வூஃபரைத் தூக்கி அம்மாவின் நாற்காலியில் வைத்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேள். எந்த இடத்தில் தாழ்ந்த சுரங்கள் ஒரே அளவாகக் கேட்கின்றனவோ அங்கே அதைக் கொண்டுபோய் வை. மைக்கில் அளப்பதற்கு முன்பே இதை முடித்துவிடு.

இனி அம்மாவின் காது. வயதானால் முதலில் போவது மேல்சுருதிதான். அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த பக்கம் இருப்பவை, அவளுக்கு நன்றாகவே கேட்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கும் க, ச, த, ப என்ற மெல்லிய வெடிப்புகளும் உரசல்களும் பெரும்பாலும் மேலே, 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு அப்பாலும் இருப்பவை. பட்டு, கட்டு, தட்டு மூன்றும் அவளுக்கு 'அட்டு' என்றுதான் விழும். மொத்தச் சத்தத்தை ஏற்றினால் அந்த 'அட்டு'தான் பெரிதாகும். தங்கம், இதை மட்டும் நீ புரிந்துகொள். அவள் "சத்தம் வை" என்று கேட்கும்போது அவளுக்கு வேண்டியது தெளிவு.

அதனால் அளவு மெனுவில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்று. சப்வூஃபரை 2 இறக்கு. டயலாக் என்ஹான்சர் மாதிரி ஒரு வசதி இருந்தால் கொஞ்சமாகப் போடு. ஒவ்வொரு சுருதியையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் கையால் மாற்றும்படி இருந்தால் சென்டருக்கு மட்டும் 2,000, 4,000 ஹெர்ட்ஸ் இரண்டையும் 2 டெசிபல் தூக்கு. தானியங்கி ஈக்வலைசர் ஓடும்போது சில மாடல்களில் அது திறக்காது, அப்படியானால் விட்டுவிடு. அதிகம் தூக்கினால் 'ஸ்ஸ்' என்று கீச்சிட்டு உனக்குத் தலை வலிக்கும்.

கடைசியாக நைட் மோட். டைனமிக் ரேஞ்ச் என்ற பெயரிலும் இருக்கும். படத்துக்கு ஒலி சேர்க்கும் தியேட்டரில் ஒரு ஸ்பீக்கரின் அளவை 85 டெசிபலுக்கு வைத்து, வெடிச்சத்தத்துக்காக அதற்கு மேல் இன்னும் 20 டெசிபல் இடம் விடுவார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் இடம் அது. உன் வீட்டில் ஃபேன் ஓடுகிறது, வெளியே வண்டி ஓடுகிறது. மெதுவான பேச்சு அந்த இரைச்சலுக்குள் முழுகும், மேலே வெடி மட்டும் நிற்கும். நைட் மோட் அந்த இடைவெளியைச் சுருக்கும். படத்தின் கம்பீரம் குறையும் என்று மாப்பிள்ளை வருத்தப்படுவார். அவர் தனியாகப் பார்க்கும்போது எடுத்துவிடட்டும், அம்மா இருக்கும்போது இருக்கட்டும்.

காது டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கென்ன, நன்றாகத்தானே கேட்கிறது" என்கிறாள். நீ அங்கே வைத்துக் கூட்டிப்போ. உன் பேச்சைக் கேட்பாள். மிஷின் வைக்கச் சொன்னால் செலவைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம், அது என் பொறுப்பு.

மைசூர் எக்ஸ்பிரஸில் அம்மாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. காலையில் இறங்குவாள், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அன்று சாயங்காலம் ஒரு சிரிப்புப் படமாகப் போடு. சிரிப்பு வரும் இடத்தில் திரையைப் பார்க்காமல் அம்மாவைப் பார். உங்களோடு சேர்ந்தே சிரிக்கிறாளா, தள்ளிச் சிரிக்கிறாளா என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். தள்ளிச் சிரித்தால் சென்டரை இன்னும் ஒரு டெசிபல் ஏற்று.

அன்புடன்,
அப்பா